முழங்கால் தயங்கும் இடம்

"என் சம்சாரத்தோட நடையைக் கொஞ்சம் திருப்பிக் குடுத்துருங்க" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்கினார்.

புகார்ப் பிரிவில் இரண்டு பேர் அவரிடம் பேசிப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் என் அறைக்கு அனுப்பியிருந்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து இரண்டு பேருந்து மாறித் தனியாக வந்திருந்தார். பிறவியிலேயே பார்வை கிடையாது. கண்ணுக்கு இப்போது எத்தனையோ மருத்துவம் வந்துவிட்டது. ஆனால் பார்வை நரம்பே வளராமல் பிறந்தவர்களுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. வெள்ளைக்கோலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையுடன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பெயர் லோகேஸ்வரன், அறுபத்தோரு வயது. அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அவங்களுக்கு வலி ஏதாவது இருக்கா சார்?"

"வலியெல்லாம் சுத்தமா இல்லைங்க. மாடிப்படி ஏறி இறங்கறா. துணி காயப்போட ரெண்டு ரெண்டு படியா தாண்டிப் போறா. உங்க மூட்டுல ஒரு குறை சொல்ல மாட்டேன்."

"அப்புறம் என்ன சார்?"

மடியில் இருந்த கோலைத் தடவிக்கொண்டே, "அது அவ இல்லைங்க" என்றார்.

அவருடைய மனைவியை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது நாட்களுக்கு முன்னால் வினோதினி அம்மாவின் இரண்டு முழங்கால்களிலும் எங்கள் மூட்டைப் பொருத்தியபோது, அதை இயக்கிப் பழக்கிவிட்ட பொறியாளர் நான்தான்.

எங்கள் நிறுவனத்தின் பெயர் மூட்டகம். நாங்கள் செய்யும் முழங்கால் மூட்டு வெறும் உலோகமும் பிளாஸ்டிக்கும் அல்ல. உள்ளே ஒரு சிறிய மோட்டார் இருக்கிறது, அதற்கு ஒரு நினைவு இருக்கிறது. அந்த நினைவில் ஒரு மனிதரின் நடை பதிந்திருக்கும். நோயாளி கால் எடுத்ததும் மூட்டு அந்த நடையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். நிறுவனம் தொடங்கிய காலத்தில் முந்நூறு பேரை நடக்கவிட்டுப் பதிவு செய்தார்களாம். அதில் ஏழாவது பதிவுதான் ஒரு பிசிறும் இல்லாமல் இருந்தது. அதையே எல்லா மூட்டிலும் போட்டார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் இரண்டு லட்சம் பேர் அந்த ஏழாம் பதிவில்தான் நடக்கிறார்கள். எங்கள் வாசலில் அதைப் பெருமையாக எழுதியும் வைத்திருக்கிறோம்.

அறுவைக்கு முந்தைய நாள், வினோதினி அம்மா வீங்கிய கால்களைக் கட்டிலில் நீட்டி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "முட்டிங்கறது கதவுக் கீல் மாதிரிதானே கண்ணு? மடக்கறது, நீட்டறது. இதுக்கு எதுக்கு இத்தாம்பெரிய கட்டடம்?"

"கீல் ஒரே அச்சுல சுத்தும்மா. முட்டி அப்படி இல்ல. மடக்கும்போது தொடை எலும்பு கீழ் எலும்பு மேல கொஞ்சம் உருளும், கொஞ்சம் வழுக்கும். நீட்டும்போது இன்னும் வேடிக்கை. கால் முழுசா நேராகப் போற அந்தக் கடைசி நேரத்துல, கீழ் எலும்பு லேசா வெளிப்பக்கம் திரும்பும். தாழ்ப்பாள் விழற மாதிரி. அது விழுந்துட்டா தசைக்கு அவ்வளவா வேலை இல்ல, சிரமமில்லாம நிக்கலாம். மறுபடி மடக்கணும்னா முட்டிக்குப் பின்னாடி இருக்கற ஒரு குட்டித் தசை வந்து தாழ்ப்பாளைத் திறக்கணும்."

"அட, ஒவ்வொரு அடிக்குமா?"

"ஒவ்வொரு அடிக்கும். அது எப்ப விழுது, எப்ப திறக்குதுங்கறது ஆளுக்கு ஆள் வேற. நடைன்னா அதுதாம்மா."

பேசிக்கொண்டே அவருடைய கைரேகையைக் கருவியில் பதிந்தேன். திரையில் நான் இதுவரை பார்த்திராத ஒரு வரி வந்தது: 'ஏழாம் பதிவைக் கொடுத்தவரும் இந்த நோயாளியும் ஒருவரே.'

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். "அம்மா, காலேஜ் படிக்கறப்ப யாராவது உங்க கால்ல ஒயரெல்லாம் ஒட்டி நடக்கச் சொன்னாங்களா?"

அவர் யோசித்தார். "ஆமா கண்ணு! நான் நடைப் போட்டிக்காரி. இருவது கிலோமீட்டர். அதுல ஒரு சட்டம் உண்டு. கால் தரையைத் தொட்டதும் முட்டி நேரா இருக்கணும். துளி வளைஞ்சிருந்தாலும் நடுவர் மஞ்சத் தட்டைக் காட்டுவார். நாலு வருசத்துல ஒருக்காகூட எனக்குக் காட்டினதில்ல. அதைக் கேள்விப்பட்டு ரெண்டு பேர் மைதானத்துக்கு வந்தாங்க. நடக்கச் சொல்லிட்டு ஒரு பனியனும் தக்காளி சாதமும் குடுத்தாங்க. ஏன் கேக்கற?"

அந்தப் போட்டிகளால்தான் அவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் தபால்காரர் வேலை கிடைத்தது. முப்பது வருடம் ஊரை அளந்து நடந்ததில் முட்டி தேய்ந்துபோனது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

அறுவை முடிந்து பத்தாம் நாள் நடைக்கூடத்தில் அவர் கைப்பிடியை விட்டுவிட்டு நடந்தார். நான் எத்தனையோ பேர் அந்த நடையில் நடந்து பார்த்திருக்கிறேன். அது உரியவரிடம் வந்து சேர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். செவிலியர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கோடியில் திரும்பி நின்று அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவளை நான் மறந்தே போயிருந்தேன் கண்ணு" என்றார்.

இதெல்லாம் லோகேஸ்வரன் சாருக்கும் தெரியும். மனைவி சொல்லியிருந்தார்.

"அந்தப் பதிவு எடுத்தப்ப அவளுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டார்.

"இருபத்தொண்ணு சார்."

"எங்களுக்குக் கல்யாணம் ஆனப்ப அவளுக்கு இருவத்தி மூணு. நான் அவளை முதல்ல கேட்டதே அந்த வருசந்தான்." கேட்டது என்றுதான் சொன்னார். "என்னைத் தெரியறதுக்கு முந்தின பொண்ணு ஒருத்தி எங்க வீட்டுக்குள்ள நடமாடறா அம்மிணி. நல்ல பொண்ணுதான், அதுல சந்தேகமில்ல. எனக்குத்தான் பழக்கமில்ல."

நான் தண்ணீர்க் குவளையை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன்.

"அது மட்டும்னா நான் வந்திருக்க மாட்டேன்" என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு முன்னால் இருவரும் உழவர் சந்தைக்குப் போயிருக்கிறார்கள். வினோதினி அம்மா தக்காளி வாங்கப் போனார். திரும்பி வரும் காலடி கேட்டது. இவர் வழக்கம்போல் கை நீட்டி முழங்கையைப் பிடித்தார். பிடித்தது வேறு ஒரு பெண்ணின் கை. அவள் கத்தினாள். கூட வந்தவன் இவரைப் பிடித்துத் தள்ளினான். கோல் எங்கோ போய் விழுந்தது.

"அந்தப் பொம்பளைக்கும் உங்க முட்டிதான் போலிருக்குது. அந்த ஒரு மணி நேரத்துல மூணு பேர் அதே நடையில போனாங்க. மூணு வினோதினி." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அவகிட்ட சொல்லலைங்க. வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் நான் வெளிய போறதில்ல. இன்னைக்குத்தான் வந்தேன். டவுனுக்குள்ள ஒரு வேலைன்னு சொல்லிட்டு."

அந்த சனிக்கிழமை, மூட்டைச் சோதிப்பதாகச் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வினோதினி அம்மா என்னைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவை ஒருக்களித்துவிட்டார்.

"அவர் உன்னைப் பாக்க வந்தாரா கண்ணு?"

நான் விழித்தேன்.

"அவர் பொய் சொன்னா எனக்குத் தெரியாதா? சந்தையில நடந்ததும் தெரியும். தக்காளிக்காரம்மா அன்னைக்கே சொல்லிடுச்சு." அடுப்பைத் தணித்தார். "நான் ரூமுக்குள்ள போனாலே தோளைக் குறுக்கிக்கறார். 'யாரு'ங்கறார். முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு நாள் அப்படிக் கேட்டதில்ல. இப்பெல்லாம் நானே 'நாந்தானுங்க, நாந்தானுங்க'ன்னு சொல்லிட்டே போறேன். தபால் கொண்டாந்த மாதிரி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"பழைய நடையைக் குடுத்துரு கண்ணு."

"அது நொண்டி நடந்த நடைம்மா."

"இருக்கட்டும்."

"உங்களுக்கு இந்த நடை பிடிச்சிருக்குதானே? நடைக்கூடத்துல அழுதீங்களே."

"பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். "ஆனா இத்தனை பேர் அதுல நடக்கறாங்க. நான் ஒருத்தி விட்டுக் குடுத்தா என்ன ஆயிடப்போகுது?"

திங்கட்கிழமை எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் இம்மானுவேலிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் மூட்டு என்றால் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி.

"ஷிபானா, சீரா நடந்தாத்தான் அது இருபது வருசம் தாங்கும். நொண்டறதுக்கு நாமளே சொல்லிக் குடுக்கறதா?"

"கால் நொடிக்குள்ள தாழ்ப்பாள் விழற நேரத்தை மாத்தினா தேய்மானம் வராது சார். சோதிச்சுப் பார்த்துட்டேன்."

"சரி, எதைப் பார்த்து மாத்துவே? அவங்க இந்த முப்பத்தஞ்சு வருசம் நடந்ததுக்குப் பதிவு எங்க இருக்கு?"

எங்கும் இல்லை. அறுவைக்கு முன்னால் நாங்கள் எடுத்த பதிவில் இருந்ததெல்லாம், வலி தாங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்த பத்தடி.

"பதிவு ஒண்ணு கொண்டா. கையெழுத்துப் போடறேன்" என்றார் அவர்.

இருவரையும் நடைக்கூடத்துக்கு வரச் சொன்னேன். மூட்டின் நினைவைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட்டு, "முன்னாடி நடந்த மாதிரி நடந்து காட்டுங்கம்மா" என்றேன். வினோதினி அம்மா ஆறு தடவை நடந்தார். ஆறும் ஆறு விதமாக இருந்தது. ஒரு தடவை வேண்டுமென்றே நொண்டினார். ஒரு தடவை காலைத் தேய்த்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த லோகேஸ்வரன் சார் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். இல்லை. இல்லை.

"நான் எப்படி நடந்தேன்னு எனக்கு எப்படிக் கண்ணு தெரியும்?" என்று வினோதினி அம்மா களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். "நானா கேட்டுட்டு இருந்தேன்?"

அப்போது லோகேஸ்வரன் சார், "இங்க மேசை ஏதாவது இருக்குதுங்களா?" என்றார்.

அவர் முன்னால் ஒரு மர மேசையை நகர்த்திப் போட்டேன். அவர் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து, மரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தட்டத் தொடங்கினார். உள்ளங்கையின் அடிப்பகுதி குதிகால், விரல் நுனிகள் முன்கால். இடக்கை இடது பாதம், வலக்கை வலது பாதம்.

"இது சமையல்கட்டுல இருந்து வாசலுக்கு" என்றார். தட்டினார். "இது தபால் பையைத் தோள்ல போட்டுட்டுக் கிளம்பறது. இடப்பக்கம் கொஞ்சம் கனமா விழும்."

நான் ஓடிப்போய் அதிர்வுமானிகளை எடுத்துவந்து மேசையின் அடியில் ஒட்டினேன்.

"இது என்கூடச் சண்டை போட்டுட்டுப் போறப்ப."

"ஐயோ, இதைப் போயி!" என்று வினோதினி அம்மா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

"இது எங்கம்மா செத்த அன்னைக்கு. வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்துட்டு முழுநாளும் நடந்தா." மிக மெதுவாகத் தட்டினார். அவர் மனைவியின் சிரிப்பு நின்றுபோனது.

அன்று மாலை வரை தட்டினார். மறுநாளும் வந்தார்கள். மூன்றாம் நாள் என்னிடம் பதினோராயிரம் அடிகள் இருந்தன. திரையில் அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். வயதுக்கு வயது வேகம் மாறியது. பாரம் மாறியது. ஆனால் ஒன்று மட்டும் எல்லா வயதிலும் இருந்தது. சில அடிகளுக்கு ஒருமுறை, இடது குதிகால் பட்ட பிறகு முன்கால் படுவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. கால் தரையைத் தொட்டுவிடும், ஆனால் எடை இறங்காது. முட்டியின் மொழியில் சொன்னால், கால் முழுவதும் நீளவில்லை, தாழ்ப்பாள் விழாமல் காத்திருக்கிறது. நடைப் போட்டியில் மஞ்சள் தட்டு காட்டுவார்களே, அதே வளைவு. ஏழாம் பதிவில் இது ஒரே ஒரு இடத்தில்கூட இல்லை.

வினோதினி அம்மா தேநீர் வாங்கப் போயிருந்த நேரத்தில் அதை லோகேஸ்வரன் சாரிடம் சொன்னேன்.

அவர் உடனே புரிந்துகொண்டார். "தெரியுங்க. அதை மட்டும் எடுத்துருங்க."

"ஏன் சார்?"

"அது வலி." குரலைத் தாழ்த்தினார். "கல்யாணம் ஆன ரெண்டாம் மாசமே ஆரம்பிச்சிருச்சு. அப்பெல்லாம் தினமும் சாயங்காலம் ரயில்வே ஸ்டேசன் வரைக்கும் நடப்போம். ஒருநாள் கேக்கறேன், அவ காலு விட்டு விட்டு விழுது. பகலெல்லாம் தபாலுக்கு நடந்துட்டு, அப்புறம் என்னையும் இழுத்துட்டு நடந்தா என்ன ஆகும்? கேட்டா ஒத்துக்க மாட்டா. அதனால நானே நிறுத்திட்டேன். பேப்பர் திருத்தணும், தலைவலி, மழை வர்ற மாதிரி இருக்குதுன்னு ஏதாச்சும் சொல்லி. ஆஸ்பத்திரிக்கு, கல்யாணம் காட்சிக்குன்னு போனதோட சரி. சும்மா நடக்கறதை விட்டாச்சு."

"எத்தனை வருசமா?"

"முப்பத்தி நாலு இருக்கும்."

தேநீர்க் குவளைகளோடு வினோதினி அம்மா கதவருகே நின்றிருந்தார். பேச்சு மும்முரத்தில் லோகேஸ்வரன் சார் அந்தப் புதுக் கால்களின் சத்தத்தைக் கவனித்திருக்க மாட்டார். எப்போது வந்து நின்றார் என்று எனக்கும் தெரியாது.

"வலியா?" என்றார்.

லோகேஸ்வரன் சார் திடுக்கிட்டார்.

"எனக்கு ஐம்பத்திரண்டு வயசு வரைக்கும் முட்டியில ஒரு வலியும் இல்லைங்க." குவளைகளை மேசையில் வைத்தார், கொஞ்சம் சிந்தியது. "அந்த ரோட்டுல வழி நெடுகக் குழி. சாக்கடை மூடி ஒண்ணு இருக்கும், ஒண்ணு இருக்காது. நான் காலை வெச்சுட்டு, முன்னாடி என்ன இருக்குதுன்னு பாத்துட்டு, உங்க காலு வந்து சேர்றதுக்கு ஒரு துளி நிப்பேன். அப்புறந்தான் அடுத்த அடி. அதுவே பழகிப்போச்சு. வீட்டுக்குள்ளகூட, நாற்காலி எதாச்சும் வழியில கிடக்குதான்னு நின்னு பாத்துட்டுத்தான் போவேன். அதுவாங்க உங்களுக்கு வலின்னு கேட்டுச்சு?"

மேசைமேல் இருந்த அவருடைய இரண்டு கைகளும் அப்படியே இருந்தன.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" என்றார் வினோதினி அம்மா. "பொண்டாட்டி கையைப் பிடிச்சுட்டு நடக்கறது வாத்தியாருக்கு வெக்கமா இருக்குதாட்ட இருக்கு, பள்ளிக்கூடத்துப் பசங்க பாக்கறாங்கன்னு கூச்சப்படறாருன்னு நினைச்சேன். கேட்டா உங்களுக்குச் சங்கடமாயிருமேன்னு நான் கேக்கலை."

"வெக்கமா? உன்கூடவா?"

அதற்குமேல் நான் அங்கே இருப்பது சரியாகப் படவில்லை. வெளியே போய் நடைக்கூடத்தின் கோடி வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். என் முட்டிகள் மடங்குவதையும் நீள்வதையும் அன்று ஏனோ கவனித்துக்கொண்டே நடந்தேன். நான் திரும்பி வந்தபோது அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருவர் கண்களும் சிவந்திருந்தன. தேநீர் ஆறிப்போயிருந்தது.

"நொண்டல், கனம், எதுவும் வேண்டாங்க" என்றார் அவர் என்னிடம். "அவளுக்குப் பிடிச்ச காலு அவளுக்கு இருக்கட்டும். அந்த நிறுத்தம் மட்டும் வெச்சுக் குடுங்க. எனக்கு அது போதும்."

டாக்டர் இம்மானுவேல் விண்ணப்பத்தைப் படித்தார். 'மாற்றத்துக்கான காரணம்' என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். "நீளாத முட்டியை நான் இத்தனை வருசமா பிழைன்னுதான் எழுதிட்டு வந்திருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நிறுத்தத்தை மூட்டுக்குச் சொல்லிக்கொடுப்பது லேசாக இல்லை. அது எப்போது வரும் என்பதற்குக் கணக்கு எதுவும் அகப்படவில்லை. வாசற்படி, திருப்பம், மேடுபள்ளம் என்று மூட்டின் உணர்விகள் அறிந்துகொள்ளக்கூடிய இடங்களில் எல்லாம் இடது முட்டியின் தாழ்ப்பாள் கால் நொடி தாமதமாக விழட்டும் என்று ஒரு கட்டளை எழுதினேன். ஏறக்குறைய சரியாக இருந்தது. வினோதினி அம்மா நடைக்கூடத்தில் கதவைத் தாண்டி உள்ளே வந்தார். வாசலில் இடது கால் ஒரு கணம் தயங்கியது. லோகேஸ்வரன் சார் தோளைக் குறுக்கவில்லை. "வா" என்றார்.

ஆறு மாதம் கழித்து, விதிப்படி அந்த மூட்டுகளின் பதிவேடு எனக்கு வந்தது. தினமும் மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை நாலாயிரத்துச் சொச்சம் அடிகள். ரயில் நிலையம் வரை போய்த் திரும்பும் தூரம்தான்.

என் கட்டளை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நிறுத்தமாகப் பார்த்தேன். முதல் இரண்டு மாதம் சரியாக இருந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து ஏதோ பிழை தெரிந்தது. நிறுத்தம் முதலில் வருகிறது, கட்டளை அதற்குப் பின்னால் வருகிறது. கருவியின் கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று அதைச் சரிபார்த்தேன். கெடவில்லை. நான் எழுதவே எழுதாத இடங்களிலும் முட்டி தயங்கியிருந்தது. அந்தத் தெருவில் எந்தெந்தக் கல் பெயர்ந்திருக்கிறது, எந்த மூடி திறந்திருக்கிறது என்று என் கட்டளைக்குத் தெரியாது. அந்த அம்மாவின் தசைகள் மோட்டாரை முந்திக்கொண்டிருந்தன. அவராகவே நின்று நின்று நடந்துகொண்டிருந்தார்.

தொலைவிலிருந்தபடியே அந்தக் கட்டளையை அழித்தேன். அவர்களிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் காத்திருந்தேன். புகார் எதுவும் வரவில்லை. அப்படியும் மனம் கேட்காமல் எட்டாம் நாள் சாயங்காலம் கூப்பிட்டேன்.

"நல்லா இருக்கீங்களாம்மா? நடையில ஏதாவது மாத்தம் தெரியுதுங்களா?"

"ஒரு மாத்தமும் இல்ல கண்ணு" என்றார் வினோதினி அம்மா. பின்னால் லோகேஸ்வரன் சார் கூப்பிடும் குரல் கேட்டது. அம்மா அவருக்குப் பதில் சொன்னார்: "வர்றேனுங்க, வர்றேன்! இரு கண்ணு, அவர் செருப்பை மாட்டிட்டு வாசல்ல நிக்கறார். இருட்டறதுக்குள்ள போயிட்டு வந்தர்றோம். அப்புறமாப் பேசட்டுமா?"